புயல் வந்தால் பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்துவிடலாமா? (கத்ரீனாவை முன்வைத்து)

#1 தென்றல்_மதுரை

ஆகஸ்ட் கடைசி வந்தால் கத்ரீனா பற்றி ஏதாவது ஒரு கட்டுரை கண்ணில் படும். படித்துவிட்டு எரிச்சலோடு மூடிவிடுவேன். இந்த முறை இங்கே கொட்டிவிடலாம் என்று வந்தேன்.

2005 ஆகஸ்ட் 29, திங்கள் காலை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பூராஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் புயல் கரை ஏறியது. மறுநாளுக்குள் அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில். சூப்பர்டோம் விளையாட்டரங்கில் இருபதாயிரத்துக்கும் மேல் ஜனம், கன்வென்ஷன் சென்டரில் ஏறக்குறைய அதே அளவு. கரண்ட் கிடையாது, கழிப்பறைகள் நிரம்பி வழிகின்றன. கன்வென்ஷன் சென்டரில் ஆட்கள் சிக்கியிருப்பதே தனக்கு வியாழக்கிழமைதான் தெரியும் என்று ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன் டிவியில் சொன்னார். ஃபீமா என்றால் அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு. இந்த மனிதர் அங்கே வருவதற்கு முன்னால் அரேபியக் குதிரைச் சங்கம் ஒன்றில் அதிகாரி. மறுநாள் அதிபர் புஷ் நேரில் வந்து, நன்றாக வேலை செய்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் இவரைப் பாராட்டினார்!

இதற்கிடையில் வட கரோலினாவில் 82வது பாராசூட் டிவிஷன் இருக்கிறது. உலகத்தில் எந்த மூலைக்கும் 18 மணி நேரத்தில் கிளம்பத் தயாராக இருப்பதுதான் அவர்களுடைய பெருமை. நியூ ஆர்லியன்ஸுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை.

என் கட்சி இதுதான்: பெரும்புயல் எச்சரிக்கை வந்த நிமிடமே அந்தப் பகுதியின் பொறுப்பு தானாக ஒரு ஜெனரலிடம் போய்விட வேண்டும். மேயர், கவர்னர், ஃபீமா எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

#2 வெட்டிப்பேச்சு

குதிரைச் சங்கத்துக்காரரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்தானே ஜெனரலையும் நியமிப்பார்? அப்புறம் என்ன மாறிவிடும்?

#3 யாழினி

தென்றல், அமெரிக்காவில் மூன்று விதமான சீருடைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பேச்சு நகராது.

ஒன்று, அதிபரின் கீழ் இருக்கும் முழுநேர ராணுவம். இரண்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள நேஷனல் கார்டு. சாதாரண நாளில் வேறு வேலை பார்ப்பவர்கள், கவர்னர் கூப்பிட்டால் சீருடை போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் ஆளுநர் மாதிரி இல்லை. மூன்றாவது, கடலோரக் காவல்படை. அது தனிக் கதை, யாராவது எழுதுங்கள்.

1878இல் வந்த போஸ்ஸே கமிடாட்டஸ் சட்டப்படி முழுநேர ராணுவம் உள்நாட்டில் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. கவர்னரின் கீழ் இருக்கும் நேஷனல் கார்டுக்கு இந்தத் தடை கிடையாது. பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கைது செய்வது, சோதனை போடுவது போன்ற வேலைகளுக்குத்தான் இந்தத் தடை. தண்ணீர் பாட்டில் கொடுப்பதையும் ஹெலிகாப்டரில் கயிறு இறக்கி ஆளைத் தூக்குவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால் சட்டம் கையைக் கட்டிப்போட்டது என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

உண்மையில் இழுபறி யார் கட்டளை போடுவது என்பதில்தான். லூசியானா கவர்னர் கேத்லீன் பிளாங்கோ 26ஆம் தேதியே அவசரநிலை அறிவித்துவிட்டார். புயல் அடித்த பிறகு, இருப்பதையெல்லாம் அனுப்புங்கள் என்று புஷ்ஷிடம் கேட்டார். செப்டம்பர் 2 ராத்திரி வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு தாள் வந்தது. நேஷனல் கார்டையும் ராணுவத்தையும் ஒரே அதிகாரியின் கீழ் கொண்டுவரலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று. பிளாங்கோ போடவில்லை. பக்கத்து மிசிசிப்பியில் கவர்னர் ஹேலி பார்பர் புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர், அவரும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

#4 தென்றல்_மதுரை

> பிளாங்கோ போடவில்லை.

இதைத்தான் நானும் சொல்கிறேன் யாழினி. ஜனம் கூரைமேல் நிற்கும்போது இரண்டு பேர் கையெழுத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை அல்லவா?

#5 யாழினி

எழுதிவைத்தார்கள். உள்நாட்டுக் கலகத்தை அடக்க அதிபர் ராணுவத்தை இறக்க வழிசெய்யும் இன்சரக்ஷன் சட்டத்தை 2006இல் திருத்தி, இயற்கைப் பேரிடர் சமயத்திலும் அதிபர் தானாகவே ராணுவத்தை இறக்கி ஒழுங்கை நிலைநாட்டலாம் என்று சேர்த்தார்கள். இரண்டு கட்சிக் கவர்னர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2008 தொடக்கத்திலேயே திருத்தம் காணாமல் போய்விட்டது. கத்ரீனா நினைவு பச்சையாக இருந்த காலத்திலேயே அவர்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால், ஏன் என்று யோசிக்க வேண்டாமா?

#6 ஹூஸ்டன்வாசி

நான் அப்போது ஹூஸ்டனில்தான் இருந்தேன், இன்றும் அங்கேதான். சூப்பர்டோமில் இருந்த ஜனத்தில் பெரும்பகுதியை பஸ்ஸில் ஏற்றி எங்கள் ஊர் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் இறக்கினார்கள். எங்கள் தமிழ் நண்பர்கள் சிலர் சோப்பு, துண்டு, டயப்பர் வாங்கிக்கொண்டு போனோம். மைதானம் முழுக்கக் கட்டில் வரிசை. ஒரு வயதான அம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மாத்திரை டப்பாக்கள். எல்லாம் தண்ணீர் புகுந்து கரைந்துபோய், எது சர்க்கரைக்கு, எது ரத்த அழுத்தத்துக்கு என்று தெரியவில்லை. மாத்திரையின் நிறத்தைச் சொல்லிச் சொல்லி டாக்டருக்குப் புரியவைக்கப் பார்த்தார். ஏன் முன்கூட்டியே ஊரைவிட்டுக் கிளம்பவில்லை என்று என்னோடு வந்த ஒருவர் கேட்டார். "எதில் கிளம்புவது?" என்றார் அந்த அம்மா.

அந்த ஊரில் கார் இல்லாதவர்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். போதாக்குறைக்கு மாதக் கடைசி. உதவித்தொகையை நம்பியிருக்கும் ஆளிடம் 28ஆம் தேதி பெட்ரோலுக்கும் லாட்ஜுக்கும் காசு ஏது? தேசியப் புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் சனிக்கிழமை ராத்திரி மேயர் ரே நேகினின் வீட்டுக்கே போன் போட்டு எச்சரித்தார். ஊரைக் காலி செய்யச் சொல்லிக் கட்டாய உத்தரவு வந்தது ஞாயிறு காலை ஒன்பதரை மணிவாக்கில். புயலுக்கு ஒரு நாள்கூட இல்லை. கார் வைத்திருந்தவர்களைப் பொறுத்தவரை ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்தையும் வெளியே போகும் திசைக்கே திறந்துவிட்டார்கள், சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வெளியேறிவிட்டார்கள். மாநகரப் பள்ளி பஸ்கள் வரிசையாக நின்ற இடத்திலேயே முங்கிப்போன படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2004 ஜூலையில் 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து, இதே ஊர் முங்கினால் என்ன செய்வது என்று ஃபீமா செலவில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அடுத்தகட்டக் கூட்டங்கள் காசில்லை என்று தள்ளிப்போயின. அதற்குள் நிஜப் புயல் வந்துவிட்டது. தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல வழியே இல்லை.

#7 வெட்டிப்பேச்சு

சரி, அப்போ சீக்கிரமே எல்லோரையும் கிளப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

#8 ஹூஸ்டன்வாசி

தீராது. கத்ரீனா முடிந்து நாலே வாரத்தில் ரீட்டா புயல் எங்கள் பக்கம் திரும்பியது. டிவியில் அதையெல்லாம் பார்த்த பயத்தில் இருபத்தைந்து லட்சம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டோம். பெட்ரோல் தீர்ந்து, வெயிலில் மணிக்கணக்காக நின்ற கார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று டல்லாஸ் பக்கம் தீப்பிடித்து 23 பேர் அதிலேயே செத்தார்கள். வெளியேற்றத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். புயலில் நேரடியாகச் செத்தவர்கள் அதைவிடக் குறைவு. 2017இல் ஹார்வி புயல் வந்தபோது எங்கள் ஊர் மேயர் சில்வெஸ்டர் டர்னர் யாரையும் கிளம்பச் சொல்லவில்லை என்று திட்டு வாங்கினாரே, அவர் மனதில் ரீட்டாதான் இருந்தது.

#9 பழைய_சிப்பாய்

தம்பி தென்றல், நான் பொறியாளர் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ள வேலை நிறையப் பார்த்தவன். ராணுவம் வந்தால் ஒழுங்கு வரும் என்று நீங்கள் நம்புவது சந்தோஷம். ஆனால் வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

18 மணி நேரத்தில் பாராசூட் டிவிஷன் கிளம்பும் என்பது சண்டைக்கு. துப்பாக்கி, தோட்டா, பாராசூட் எல்லாம் கட்டித் தயாராக இருக்கும். படகு இருக்காது. வெள்ளத்தில் முதல் இரண்டு நாள் வேண்டியது தட்டையான அடிப்பாகம் உள்ள சின்னப் படகும், தெருத்தெருவாக ஊர் தெரிந்த ஆளும். லூசியானாவில் அதை நிறையச் செய்தது மீன்வள, வனவிலங்குத் துறைக்காரர்களும், சொந்தப் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்த உள்ளூர்க்காரர்களும்தான். பாராசூட்காரர்கள் சனிக்கிழமை வந்து இறங்கியபோது சூப்பர்டோமும் கன்வென்ஷன் சென்டரும் கிட்டத்தட்டக் காலியாகிக்கொண்டிருந்தன.

உள்ளூர் நேஷனல் கார்டு என்ன செய்தது என்று கேட்பீர்கள். லூசியானாவின் 256வது பிரிகேட், சுமார் மூவாயிரம் பேர், இராக்கில். மிசிசிப்பியின் 155வது பிரிகேடும் அங்கேதான். மிச்சம் இருந்தவர்களின் தலைமையகம் ஜாக்சன் பாரக்ஸ் என்ற இடம், நியூ ஆர்லியன்ஸின் தாழ்வான பகுதி. அதுவே முங்கிவிட்டது. ஊரைக் காப்பாற்ற வைத்திருந்த லாரிகள் கண்ணெதிரே தண்ணீரில் போக, அவர்களே படகு ஏறி வெளியே வர வேண்டியதாயிற்று. வெள்ளம் வரும் என்று தெரிந்த ஊரில் வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தினால், மேலே இருப்பது கவர்னரானால் என்ன, ஜெனரலானால் என்ன?

அப்புறம் வதந்தி. சூப்பர்டோமுக்குள் கொலை, குழந்தைகளைக் கெடுத்தார்கள், ஹெலிகாப்டரைச் சுட்டார்கள் என்று நாள் முழுக்க டிவியில் ஓடியது. அதை நம்பி மேயர் புதன்கிழமை சாயங்காலம் மீட்பில் இருந்த போலீஸை, கிட்டத்தட்ட 1,500 பேரை, கொள்ளையைத் தடுக்கத் திருப்பிவிட்டார். கன்வென்ஷன் சென்டருக்குள் போக நேஷனல் கார்டு ஆயிரம் பேரைத் திரட்டும்வரை காத்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் உள்ளே போனார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது, ஒரு குண்டுகூடச் சுடவில்லை. உள்ளே இருந்தது பசியும் தாகமுமாக ஜனம். நூற்றுக்கணக்கில் பிணம் இருக்கும் என்று குளிர்சாதன லாரியோடு சூப்பர்டோமுக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது ஆறு. அதில் நாலு இயற்கைச் சாவு.

அங்கே வந்த முழுநேர ராணுவத்தை நடத்திய ஜெனரல் ரஸல் ஆனரேயைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவரும் லூசியானா மண்ணில் பிறந்தவர். தெருவில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு போன சிப்பாய்களைப் பார்த்து, கீழே இறக்குங்கடா என்று கத்தினார் பாருங்கள், அந்த நாள் வரை கொடுத்த உத்தரவுகளில் எனக்குப் பிடித்தது அதுதான். எதிரில் இருப்பது எதிரி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேஷனல் கார்டு அவருக்குக் கீழே கிடையாது, அதை லூசியானா ஜெனரல் லாண்ட்ரனோதான் நடத்தினார். பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிப் பேசித்தான் வேலை நடந்தது.

#10 தென்றல்_மதுரை

ஐயா, வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தியது நேஷனல் கார்டின் திட்டக்குறை. தொழில்முறை ராணுவம் அப்படிச் செய்யுமா?

#11 மண்சோதனை

கேட்டீர்களே ஒரு கேள்வி. நான் அடித்தள வேலை பார்க்கும் பொறியாளன், அதனால் என் பக்கத்திலிருந்து.

நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது புயல் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஊரின் மையப்பகுதியை மூழ்கடித்தது உடைந்துபோன கால்வாய்ச் சுவர்கள். பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கு மழைநீரைக் கொண்டுபோகும் 17ஆவது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டிலும் தண்ணீர் சுவரின் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே சுவர் போய்விட்டது. 17ஆவது தெருவில் சுவருக்கு அடியில் கொழகொழவென்ற களிமண். அதற்குள் இறக்கிய இரும்புப் பலகைகள் போதுமான ஆழத்துக்குப் போகவில்லை. தண்ணீர் அழுத்தியதும் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே பிளவு விழுந்து, அதில் தண்ணீர் இறங்கி, அடிமண்ணோடு சேர்த்துச் சுவரைத் தள்ளிக்கொண்டுபோய்விட்டது. மண் பலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார்கள். கிழக்கே இண்டஸ்ட்ரியல் கால்வாய் உடைந்து லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியின் வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்துப் போட்டது. மொத்தம் ஐம்பதுக்கும் மேல் உடைப்புகள்.

இதையெல்லாம் வடிவமைத்துக் கட்டியது யார்? அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு. சீருடை போட்ட ஜெனரல்தான் தலைவர். 2006 ஜூனில் அவர்களுடைய சொந்த விசாரணை அறிக்கையே, இது பேருக்குத்தான் ஒரு பாதுகாப்பு அமைப்பாக இருந்தது என்று எழுதியது. துண்டு துண்டாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உயரக் கணக்கில் கட்டியது. தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கார்ல் ஸ்ட்ராக் பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

ஆக, ராணுவம் ஐந்து நாள் தாமதமாக வந்தது என்பதே சரியில்லை தென்றல். நாற்பது வருடமாக ஊருக்குள்தான் இருந்தது.

#12 தென்றல்_மதுரை

அது நியாயமில்லை. அந்தப் பிரிவில் பெரும்பாலும் சாதாரணப் பொறியாளர்கள், பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். போர்ப்படையோடு ஏன் சேர்க்கிறீர்கள்?

#13 மண்சோதனை

பணம் நாடாளுமன்றம்தான், சரி. இரும்புப் பலகையின் நீளத்தை முடிவு செய்தது நாடாளுமன்றம் இல்லையே. நீங்கள் ராணுவத்தைக் கேட்பதே, கட்டளை ஒரு கையில் இருந்தால் பொறுப்பும் ஒரு கையில் இருக்கும் என்பதால்தானே? வீடிழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வெள்ளத் தடுப்புப் பணியில் ஏற்படும் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பில்லை என்று 1928இலேயே ஒரு சட்டம். ராணுவப் பொறியாளர்களை நீதிபதி கடுமையாகச் சாடினார், ஆனால் 2008 ஜனவரியில் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கால்வாய்ச் சுவர் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. கோட்டைவிட்ட மேயரை அடுத்த தேர்தலில் தூக்கலாம் (நேகின் 2006இல் திரும்பவும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்!). கோட்டைவிட்ட ஜெனரலை யார் தூக்குவது?

#14 வெட்டிப்பேச்சு

கியூபாவைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? 2004இல் ஐவன் புயல் அவ்வளவு பெரிதாக வந்தும் அங்கே ஒரு உயிர்ச்சேதம் இல்லை. அங்கே பேரிடர் நிர்வாகம் ராணுவ அமைச்சகத்தின் கீழ்தான். தென்றல், உங்களுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிட்டேன், டீ வாங்கித் தாருங்கள்.

#15 யாழினி

அந்தப் பாயிண்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சீருடை இருப்பது உண்மை. ஆனால் கதவைத் தட்டுவது தெருக் கமிட்டிக்காரரும் அந்தப் பேட்டையின் குடும்ப டாக்டரும். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் என்று புயலுக்கு முன்பே கையில் பட்டியல் இருக்கும். வருடா வருடம் மே மாதம் நாடு முழுக்க ஒத்திகை. போக வண்டியும் அரசே கொடுக்கும். ஒரே கட்சி ஆட்சியில் 'வரமாட்டேன்' என்று சொல்வது கஷ்டம் என்பதையும் மறக்கக் கூடாது. அதுவும் எப்போதும் பலிக்காது, 2005இல் டென்னிஸ் புயலில் 16 பேர், 2017இல் இர்மாவில் 10 பேர் அங்கேயும் போனார்கள்.

லூசியானாவில் கத்ரீனாவுக்குப் பலியானவர்களில் பாதிக்குப் பாதி 75 வயது தாண்டியவர்கள். செயின்ட் ரீட்டா என்ற ஒரே முதியோர் இல்லத்தில் 35 பேர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வண்டி.

#16 கோமதி_ஆர்லாண்டோ

எல்லோரும் கையெழுத்துச் சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்காவின் கீழ் இருக்கும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் சண்டையே இல்லை, அப்படியும் என்ன நடந்தது? என்னோடு வேலை பார்க்கும் பலர் அந்தத் தீவுக்காரர்கள்.

2017 செப்டம்பர் 20, மரியா புயல். இரண்டு வாரம் முன்புதான் இர்மாவுக்காக ஃபீமா தன் கரீபியன் கிடங்கில் இருந்த பொருளில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்திருந்தது. தீவு முழுக்க மின்சாரம் போனது, கடைசி வீட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம். ராணுவத்திலிருந்து லெப்டினன்ட் ஜெனரல் ஜெஃப்ரி புகானனை நியமித்தது எட்டாம் நாள். 'கம்ஃபர்ட்' என்ற பிரம்மாண்டமான மருத்துவக் கப்பல் அக்டோபர் 3ஆம் தேதி வந்தது, ஆனால் மலைக்கிராமத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓட கரண்ட் இல்லாமல் கிடப்பவர் கப்பலுக்கு எப்படிப் போவார்? கட்டில்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன.

அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்வு செய்த பிறகு, 2018 ஆகஸ்டில் 2,975 என்று ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலோர் காற்றிலோ வெள்ளத்திலோ சாகவில்லை. டயாலிசிஸ் நின்றது, இன்சுலின் கெட்டது, ஆம்புலன்ஸ் வரவில்லை. சிப்பாய் கூரையிலிருந்து தூக்கிக் காப்பாற்றும் சாவுகள் இல்லை இவை.

#17 நெறியாளர்

நம் ஊர்க் கட்சிகளை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது.

#18 ஹூஸ்டன்வாசி

யாழினி கேட்ட கடலோரக் காவல்படைக் கதை. அன்றைக்கு உருப்படியாக வேலை செய்தது இவர்கள்தான் என்று எல்லா விசாரணைகளும் சொல்கின்றன. புயல் வருமுன் ஹெலிகாப்டர்களைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள், காற்று கொஞ்சம் தணிந்ததும் திங்கள் மதியமே பின்னாலேயே பறந்துவந்துவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உயிர் ஆபத்தில் இருந்தால் அந்த இடத்து அதிகாரியே முடிவெடுக்கலாம் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். மருத்துவமனைகளிலிருந்து வெளியேற்றியவர்களையும் சேர்த்து 33,500 பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். கடைசியில் பிரவுனை ஓரங்கட்டிவிட்டு, களத்தில் இதே படையின் வைஸ் அட்மிரல் தாட் ஆலனைத்தான் உட்கார வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிர் 'பட்டான்' கப்பல். கடற்படைக்குச் சொந்தம், புயலின் பின்னாலேயே வளைகுடாவில் வந்துகொண்டிருந்தது. அதன் ஹெலிகாப்டர்கள் செவ்வாய்க்கிழமையே மீட்புக்குப் போய்விட்டன. ஆனால் அதில் இருந்த மருத்துவமனைக் கட்டில்கள் பல நாள் சும்மா கிடந்தன, பயன்படுத்து என்று சொல்ல ஆள் இல்லை. தென்றல், இரண்டும் சீருடைதான். ஒருவருக்கு மேலிருந்து உத்தரவு வர வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம்.

#19 பழைய_சிப்பாய்

அந்தக் கையெழுத்துச் சண்டைக்கும் ஒரு வழி பிறகு கண்டுபிடித்தார்கள். நேஷனல் கார்டு அதிகாரி ஒருவருக்கே முன்கூட்டி இரண்டு தொப்பி. மாநிலப் படைக்குக் கவர்னரிடம் பதில் சொல்வார், ராணுவத்துக்கு அதிபரிடம். 2012 சாண்டி புயலில் நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டிலும் அப்படித்தான் நடத்தினார்கள். புயலுக்கு நடுவில் தாள் அனுப்புகிற வேலை இல்லை. வித்தியாசம் என்னவென்றால், அந்த அதிகாரி உள்ளூர்க்காரர், கவர்னருக்கு ஏற்கெனவே முகம் தெரிந்தவர். அதிபர் அனுப்பும் ஜெனரல் வந்து இறங்கி ஊர் வரைபடத்தைப் பிரிக்கவே ஒரு நாள் போய்விடும் தம்பி.

இன்னொன்று, கேட்க வேடிக்கையாக இருக்கும். கத்ரீனா சமயம் மெக்சிகோ ராணுவம் லாரியில் சமையல் சாமானோடு டெக்சாஸுக்குள் வந்து, அகதிகளுக்குச் சோறு போட்டது. 1846க்குப் பிறகு அந்த எல்லையை அவர்கள் படை தாண்டியது அப்போதுதான். நம் விமானப்படையும் ஒரு ஐஎல்-76 விமானத்தில் தார்ப்பாய், கம்பளி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. சுனாமி முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். இலங்கைகூடப் பணம் அனுப்பியது.

#20 தென்றல்_மதுரை

படித்தேன், எல்லாவற்றையும். ஆனாலும் என் கேள்வி விழவில்லை. ஐயா சொல்கிற இரண்டு தொப்பி அதிகாரியும் சீருடைதானே? கடலோரக் காவல்படையும் சீருடைதானே? மேயர் நேகினால் ஒரு பஸ்ஸை நகர்த்த முடியவில்லை, நிஜமாக ஆளைத் தூக்கியவன் எல்லாம் சீருடைக்காரன். நான் கேட்பது அவனுக்கு முதல் நாளே அதிகாரம் கொடுங்கள் என்றுதான்.

#21 யாழினி

தூக்குவதற்கு அதிகாரம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊரை ஆள்வதற்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வெள்ளம் வடிந்த பிறகு யார் வீட்டை இடிப்பது, எந்தப் பள்ளியைத் திறப்பது என்று முடிவெடுக்கும்போதும் அவர் இருப்பாரா? செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் கையில் ஆயுதமில்லாத ஆறு பேரைப் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அதை விசாரிக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இதில் பாராசூட் டிவிஷனும் சேர்ந்திருந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்?

#22 மண்சோதனை

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலரில் சுற்றிலும் புதுச் சுவர், கால்வாய் வாய்களில் கதவு, பெரிய பம்புகள், கிழக்கே போர்ன் ஏரிப் பக்கம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தடுப்பு. 2021இல் அதே ஆகஸ்ட் 29ஆம் தேதி ஐடா புயல் கத்ரீனாவைவிட வேகமான காற்றோடு கரை ஏறியது. சுவர் தாங்கியது. அதே ராணுவப் பொறியாளர்கள் கட்டியதுதான், தென்றலுக்கு அரை மார்க் கொடுக்கலாம்.

ஆனால் ஊர் முழுக்க கரண்ட் போனது. ஏழு முதியோர் இல்லங்களிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய் ஒரு கிடங்கில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சிலர் இறந்துபோனார்கள். வெளியேற்றும் திட்டம் என்று தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

#23 கோமதி_ஆர்லாண்டோ

அந்தக் கிடங்கைப் புயலுக்கு முன்னால் யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா? இங்கே புளோரிடாவில் 2017இல் இர்மாவுக்குப் பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்று, வெக்கையில் 12 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் ஜெனரேட்டர் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். லூசியானாவில் இப்போது என்ன விதி என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். என் மாமியாரை ஒரு இல்லத்தில் சேர்க்க யோசித்துக்கொண்டிருக்கிறோம், என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரிய வேண்டியிருக்கிறது.